வரி பாக்கி ஏலமும் ஒரு வெற்றிலைத் தட்டும்

எங்கள் ஓசூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடக்கும். தண்ணீர் லாரி ஏன் வரவில்லை, லிப்ட் ஏன் நின்றது, யார் வீட்டு நாய் யார் வாசலில் அசிங்கம் செய்தது, இவ்வளவுதான் பேச்சு. அந்த மாதம் எல்லாம் பேசி முடித்த பிறகும் ஆண்கள் கலையவில்லை. ஏ பிளாக்கில் குடியிருந்த ஒருவர் எழுந்து நின்று, உழைக்காமல் பணக்காரர் ஆவது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். நாற்பது வயதுகூட இருக்காது. நின்ற தோரணையைப் பார்த்தால் நாலு தலைமுறையாகப் பண்ணை நடத்தியவர் மாதிரி இருந்தது.

இணையத்தில் காசு கட்டி ஏதோ வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அமெரிக்காவில் யாராவது வீட்டு வரி கட்டாமல் விட்டால், அந்தப் பாக்கியை அங்குள்ள நகராட்சி ஒரு சர்டிபிகேட்டாக எழுதி விற்றுவிடுமாம். டாக்ஸ் லியன் என்று பெயராம். சர்டிபிகேட்டை வாங்குகிறவர் அந்த வரியைக் கட்டிவிடுவார். வீட்டுக்காரன் பிறகு பணத்தைத் திருப்பினால் வட்டியோடு வரும். திருப்பாவிட்டால் வீடே வந்துவிடும். "ரெண்டு பக்கமும் நமக்குத்தான் சார் லாபம். அவன் கட்னாலும் லாபம், கட்டாட்டியும் லாபம்" என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எங்கள் ஊரில் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவோம். இவர் அதைக் காசு கொடுத்து ஆங்கிலத்தில் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

அமெரிக்கச் சர்டிபிகேட்டை இங்கிருந்து வாங்குவதில் என்னென்னவோ சிக்கல் இருந்ததாம். அதனால் நம் பக்கத்தில் அதுபோல ஏதாவது உண்டா என்று தேடியிருக்கிறார். கிடைத்துவிட்டது. அரசாங்கத்துக்கு வரி பாக்கி வைத்தவர்களின் நிலத்தைத் தாலுகா ஆபீசில் ஏலம் விடுவார்கள். ஏலம் முடிந்த பிறகும் சொந்தக்காரருக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பாக்கியைக் கட்டி, ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்து சேர்த்துக் கட்டினால் ஏலம் ரத்தாகிவிடும். கட்டாவிட்டால் நிலம் ஏலம் எடுத்தவருக்கு. "அதே மாடல்தான் சார். ஒரே மாசத்துல அஞ்சு பர்சென்ட். எந்த பேங்க் குடுக்கும்?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் பராமரிப்புத் தொகை கேட்டால் மாதக்கணக்கில் ஒளிந்து திரிகிறவர்கள். பிரசாதம் வாங்குகிற பக்தியோடு தலையாட்டினார்கள்.

பிறகு போனில் ஒரு ஏல அறிவிப்பைக் காட்டினார். நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. காய்ப்பில் இருக்கிற மரங்கள், கிணறு, மோட்டார் ரூம், தார் ரோட்டை ஒட்டிய இடம். "யாரோ ஒரு லேடி சார். அட்டைப்பெட்டி கம்பெனி நடத்தி வரியை ஏமாத்திருக்கு. திருப்பிக் கட்டற ஆளாத் தெரியல. நெலமே நமக்கு வந்துரும்" என்றார்.

அந்த லேடி நான்தான். டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அறிவிப்பில் என் பெயர் இருந்தது. அப்பாவின் பெயரும் ஊரும் இருந்தன. அந்தக் குடியிருப்பில் பல வருடமாக இருக்கிறேன். அவர் பெண்டாட்டி அவசரத்துக்குத் தயிர் உறை வாங்கிப் போவது என் வீட்டில்தான். ஆனாலும் என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பி பிளாக் ஆண்ட்டி, அவ்வளவுதான். ஒரு மனுஷியின் நிலத்தைப் பிடுங்கத் திட்டம் போடுகிறவனுக்கு அவள் பெயராவது தெரிந்திருக்க வேண்டாமா? அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே பேசினார்.

என் பெயர் தெரிந்தவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். என் கணவர். போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைப் பெரிதாக்கி, என் அப்பாவின் பெயர்வரை படித்தார். "நல்ல இடம்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

என் கணவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஏலத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தவர். சப்ளையர்கள் சம்பாதிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், தானே அட்டைப்பெட்டி செய்து, தான் வேலை பார்க்கிற கம்பெனிக்கே விற்கக் கிளம்பினார். தன் பெயரில் விற்றால் வேலை போய்விடும். ஆகவே என் பெயரில் கம்பெனி தொடங்கினார். ஓசூரைச் சுற்றித் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் எத்தனை போர்டுகளில் பெண் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே பெண்கள் தொழிலில் எப்படி முன்னேறிவிட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வியந்துபோவார்கள். அந்த முதலாளியம்மாக்களில் பாதிப்பேர் வீட்டில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை. பென்சிலில் டிக் அடித்த இடத்தில் போட வேண்டும். என்னவென்று கேட்டால், "உனக்குப் புரியாது, போடு" என்பார். பெட்டி விலையோடு சேர்த்து வசூலித்த வரிப் பணத்தை அரசாங்கத்துக்குக் கட்டாமல், நாங்கள் குடியிருக்கும் பிளாட்டுக்கு முன்பணமாகக் கட்டினார். பிளாட் அவர் பெயரில். பாக்கி என் பெயரில். அபராதமும் வட்டியும் ஏறி, கம்பெனியை மூடிய பிறகும் பாக்கி மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. அதிகாரிகள் முதலாளியம்மாவின் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்று தேடினார்கள். அப்பா கல்யாணத்தின்போது எனக்கு எழுதிக்கொடுத்த தோப்பு ஒன்றுதான் அகப்பட்டது.

அந்தத் தோப்பு எனக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் மரங்களைக் குத்தகைக்கு விடுவேன். காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு பாய் வருவார். பூ எடுக்கும்போதே மரம் மரமாகப் பார்த்து, விலை பேசி, பணத்தை என் கையில் கொடுப்பார். என்னைப் பெயர் சொல்லி, பின்னால் ஒரு அம்மா சேர்த்துக் கூப்பிடுகிற ஆண் அவர் ஒருவர்தான். அந்தப் பணத்துக்கு மட்டும் நான் யாருக்கும் கணக்குச் சொன்னதில்லை. என் கண் ஆபரேஷனைக்கூட அதில்தான் செய்துகொண்டேன். தோப்பு போய்விட்டால், மருந்து வாங்கவும் அவர் முன்னால் கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் பயந்தது அதற்குத்தான்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அது என் நெலம்னு அவர்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நம்ம மானம் போகாதா?"

"நெலம் போனா பரவால்லையா?"

"எங்க போகுது? உங்க ஊர்க்காரங்க யாரும் ஏலம் கேக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன."

"வெளியூர்க்காரன் கேக்கப் போறானே. இந்த பிளாட்டை அடமானம் வெச்சு பாக்கியைக் கட்டிடலாம். கொஞ்ச நாள்ல மீட்டுக்கலாம்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இது நாம குடியிருக்கற வீடு. அது சும்மா கெடக்கற நெலம். ரெண்டையும் ஒண்ணாப் பேசற" என்று சொல்லி டிவியைப் போட்டார். சும்மா கிடந்த நிலம்தான் அவர் செய்த தப்புக்கு ஜாமீன் நின்றது என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்று நான் சொன்னது உண்மைதான். ஊர்க்காரன் நிலத்தை ஊர்க்காரன் வரி ஏலத்தில் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தண்டோரா போட்டு, வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, அந்தச் சங்கக் கூட்டத்துக்கு முன்பே முதல் தடவை ஏலம் வைத்தபோது ஒருவர்கூட விலை கேட்கவில்லை. ஏலம் தள்ளிப்போனது. அடடா என்ன ஒற்றுமை என்று நினைத்துவிடாதீர்கள். பொறுத்திருந்தால் நானே வந்து கையில் காலில் விழுந்து அடிமாட்டு விலைக்குக் கொடுப்பேன் என்று பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்த அண்ணனே போன் செய்தார். "வெளிய போறதுக்கு நமக்குள்ளயே இருக்கட்டும்மா. பாத்து ஒரு வெலை சொல்லு." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

இரண்டாவது ஏலத்துக்கு நான் தனியாகப் போனேன். கணவருக்கு அன்றைக்கு முதுகுவலி. வெட்கப்பட வேண்டிய நாள் வந்தால் அவருக்கு முதுகுவலியும் சேர்ந்து வரும். இரண்டு பஸ் மாறித் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஏ பிளாக்காரர் வேப்பமரத்து நிழலில் காரை நிறுத்திவிட்டு, எங்கள் குடியிருப்பின் வாக்கிங் கோஷ்டியில் இரண்டு பேரோடு நின்றிருந்தார். கூலிங் கிளாஸ், தண்ணீர் பாட்டில், கையில் பைல். ஏலம் எடுப்பதற்கு முன்பே தோப்பில் நின்று எடுத்த போட்டோவை அந்த இரண்டு பேருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் மலர்ந்துபோனார். "என்ன ஆண்ட்டி, நீங்களும் ஏலம் கேக்க வந்தீங்களா? அங்கிள் சொல்லவே இல்லையே."

"கேக்க வரல தம்பி. என்னுதைத்தான் விக்கறாங்க."

முதலில் சிரித்தார், ஆண்ட்டி தமாஷ் செய்கிறாள் என்று. அதற்குள் உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்தபோது அந்த முகம் பார்க்கப் பாவமாக இருந்தது. தெரிந்தவள், பக்கத்து பிளாக்காரி, டீ போட்டுக் கொடுக்கிறவள். மனுஷனாக இருந்தால் காரை எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஒரு கணம் நினைத்தேன். அவர் தண்ணீர் குடித்தார், நண்பர்களோடு குசுகுசுத்தார், பிறகு என்னிடம் வந்தார்.

"ரொம்ப சாரி ஆண்ட்டி. எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா நான் எடுக்கலைன்னா வேற யாராவது எடுக்கத்தான் போறாங்க. தெரிஞ்சவங்க கையில இருக்கறது நல்லதுதானே?"

என் அண்ணன் சொன்ன அதே வசனம். இந்த மாதிரி ஆட்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்திருப்பார்கள் போலிருக்கிறது.

அவர்தான் எடுத்தார். போட்டிக்கு ஆளில்லை. ஏலத்தொகையில் ஒரு பங்கை அங்கேயே கட்டினார். மீதியை அந்த முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டியதும் போய்விடும் என்று அதிகாரி சொன்னார். அதே முப்பது நாள்தான் எனக்கும். என்னையும் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாக ஏ பிளாக்காரர் சொன்னார். நான் நடந்தே போனேன்.

அடுத்த நாளே நகைகளை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய், விற்றேன். அடகு வைத்தால் கிடைக்கிற பணம் போதாது. கையில் கிடந்த தங்க வளையல்களும் போயின. வரும் வழியில் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மாடி வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். வாட்ச்மேனின் மனைவி பார்த்து, என்னக்கா ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டாள். என் கணவர் பார்க்கவில்லை. நகை விற்ற பணம் பெரும்பகுதிக்கு வந்தது. ஆனாலும் முழுசாகப் பாக்கியைக் கட்ட இன்னும் கணிசமாகக் குறைந்தது.

நான் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்த நேரத்தில்தான் முதல் தட்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. ஏலத்தில் சொத்து எடுத்தவர்கள், வெற்றிலை பாக்கு, பழம், பூ, புடவை வைத்த தட்டோடு இழந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மனசாரக் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி நிற்பார்கள். அந்த வார்த்தை இல்லாத சொத்து வயிற்றெரிச்சல் சொத்து, தங்காது, வாங்கின குடும்பத்தைக் கெடுத்துவிடும் என்று பயம். முதலில் சட்டப்படி பிடுங்குவார்கள். பிறகு பிடுங்கப்பட்டவள் வாயாலேயே வாழ்த்தும் கேட்பார்கள். கசாப்புக்காரன்கூட ஆட்டிடம் போய் ஆசீர்வாதம் கேட்பதில்லை.

நான் வீட்டுக்குள் நுழையும்போது என் கணவர் அந்தத் தட்டிலிருந்த ஆப்பிளை நறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"அந்தத் தம்பியும் அவங்கம்மாவும் வந்தாங்க. நல்ல மரியாதையான குடும்பம். மனசாரத்தான் குடுக்கறோம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"யாரு குடுக்கறோம்?"

"நாமதான்."

பென்சில் டிக் போட்டு என் கையெழுத்தை வாங்கிய மனிதருக்கு, இந்தத் தடவை டிக் போடக்கூடப் பொறுமையில்லை. என் மனசை என்னைக் கேட்காமல் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் கத்தவில்லை. கத்தினால் ரத்த அழுத்த மாத்திரை போட்டாயா என்று கேட்பார். புடவையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பிடிக்காத பச்சை.

ஆனால் ஏ பிளாக்காரரின் அம்மா லேசுப்பட்ட ஆளில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மனுஷி. வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை செல்லுமா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நிலம் பொம்பளை பேரில் இருக்கும்போது ஆம்பளை மனசு எதற்கு? குலதெய்வக் கோயிலில் போய்ப் பூக் கேட்டிருக்கிறார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட்டுப் பூசாரியை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தது. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. இரண்டு நாள் கழித்து ஏ பிளாக்காரரின் கார் மேம்பாலத்துத் தடுப்பில் உரசி, ஒரு பக்கம் முழுக்கக் கோடு விழுந்தது. போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் யாருக்கும் உரசும். அவர் அதை என் வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டார். சர்டிபிகேட், பர்சென்ட், மாடல் என்று பேசியவருக்கு ஒரே சிவப்புப் பூவில் படிப்பு முழுக்க மறந்துபோனது.

இரண்டாவது தட்டோடு அம்மாவும் பிள்ளையும் என் வாசலுக்கு வந்தார்கள். கணவர் கடைக்குப் போயிருந்தார். உட்காரச் சொன்னேன்.

"ஏம்மா, என்னமோ நடந்தது நடந்துபோச்சு" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். "எம் புள்ளை தெரியாம எடுத்துட்டான். நீ வாயால மனசாரக் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"தண்ணி எடுத்துட்டு வரேங்க" என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். உடனே இரண்டு பேரும் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்கள். இந்த ஜில்லாவில் தெலுங்கில் ரகசியம் பேசுகிறவர்களைப் போன்ற முட்டாள்களை நான் பார்த்ததில்லை. நான் வளர்ந்த தெருவில் பாதி வீடு தெலுங்கு. எனக்கு முதலில் வந்த கெட்ட வார்த்தைகளே தெலுங்கில்தான்.

எப்படியாவது அவள் வாயிலிருந்து வார்த்தையை வரவழை, இல்லாவிட்டால் அந்த நிலமே வேண்டாம் என்றார் அம்மா. வேண்டாம் என்று விட்டால் கட்டின பணம் போய்விடும் என்றார் பிள்ளை. அவளே பாக்கியைக் கட்டி மீட்டுக்கொண்டால்தான் நமக்குப் பணமும் திரும்பும், அஞ்சு பர்சென்ட்டும் வரும், ஆனால் இவளிடம் எங்கே இருக்கப் போகிறது என்றார். குறையும் பணத்தை நீயே கொடுத்துத் தொலை, சாமி குத்தத்துக்கு அது மேல் என்றார் அம்மா. கொடுத்தால் வட்டி கேட்கலாமா என்று பிள்ளை யோசித்தார். பயம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். அந்தப் பயத்திலும் வட்டியை விடவில்லை.

தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேன். "தம்பி, வார்த்தைதானே வேணும்? நிலத்தை வெச்சுக்கிட்டு என்னை மனசாரச் சொல்லுன்னா, அது பொய்யாத்தான் வரும். பொய் சொன்னா மறுபடி செகப்புப் பூதான் வரும். நான் மீட்டுக்கறேன். நகை வித்தது போகக் கொஞ்சம் கொறையுது. அதை நீங்க கடனாக் குடுங்க. மாங்காக் குத்தகை வந்ததும் திருப்பிடறேன். வட்டி கெடையாது. ஏலம் ரத்தானதும் நீங்க கேட்ட வார்த்தையைச் சொல்றேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூக் கேட்ட விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று அந்த அம்மாவுக்கு உள்ளூர நடுங்கியிருக்க வேண்டும். குடியிருப்பே சிரித்துக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. பிள்ளை வட்டியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்படித்தான் என் நிலம் மீண்டது. ஏலம் எடுத்தவரிடமே கடன் வாங்கி, அவர் எடுத்த ஏலத்தை ரத்து செய்து, அவருக்கு உண்டான நூற்றுக்கு ஐந்தையும் கட்டினேன். தன் பணத்திலிருந்து தனக்கே லாபம் வந்ததைப் பார்த்து அந்த ஆள் சந்தோஷப்பட்டார் என்பதுதான் வேடிக்கை. குடியிருப்பில் இருந்தவர்களிடம் முதல் முயற்சியே வெற்றி என்று சொன்னாராம். அந்த வருடம் பாய் கொடுத்த குத்தகைப் பணத்தை அப்படியே கொண்டுபோய் அவர் கடனைத் தீர்த்தேன்.

ஏலம் ரத்தான உத்தரவு வந்த அன்று மாலை அம்மாவும் பிள்ளையும் மூன்றாவது தட்டோடு வந்தார்கள். இந்தத் தடவை என் கணவரும் வீட்டில் இருந்தார். தட்டை வாங்கிக்கொண்டு சொன்னேன்.

"உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. மனசாரத்தான் சொல்றேன்."

அது உண்மை. அவர்கள் மேல் எனக்கு இருந்தது அலட்சியம் ஒன்றுதான். அலட்சியத்துக்கு வயிறு எரியாது. நம்பிய இடத்தில்தான் எரியும். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை பெருமூச்சு விட்டார். பயம் தெளிந்ததும் பழைய தோரணை திரும்பிவிட்டது. செருப்பு மாட்டும்போதே என் கணவரிடம், "அங்கிள், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒண்ணு ஏலத்துக்கு வருது. ஆனை வந்து மேயற எடம், சீப்பா வரும். சேந்துக்கறீங்களா?" என்றார்.

"எவ்வளவு போடணும்?" என்று கேட்டார் என் கணவர்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்துக்கொண்டிருந்தார். "ஒரு வழியா நல்லபடியா முடிஞ்சுது. நம்ம நெலம் நம்மகிட்டயே வந்துருச்சு" என்றார்.

"அந்தத் தம்பியும் அவங்கம்மாவும் நம்ம வாசலுக்கு எத்தனை நடை நடந்தாங்க பாத்தீங்களா?" என்றேன். "எனக்கு வயிறு எரியுமோன்னு பயந்துக்கிட்டு. நீங்க ஒரு தடவையாவது எங்கிட்டக் கேட்டீங்களா?"

அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்று புரியவில்லை. சுளைகளைப் பிரித்து, நாரை எடுத்தபடியே, "அவங்க வெளியாளுங்க, பயப்படறாங்க. நீ என்னை என்ன பண்ணிடப் போற?" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அதையும் அவரே தின்றார்.